கிணற்றடி ஷரீஃப்

எனக்கு மிகவும் பிடித்த படத்தை ஏறக்குறைய நாற்பது வருடம் தலைகீழாகப் புரிந்துவைத்திருந்தேன். வெட்கப்பட வேண்டிய விஷயம்தான். ஆனால் வெட்கப்படுவதற்கும் முகம்வரை கொஞ்சம் ரத்தம் ஏற வேண்டும். இந்த வயதில் என் ரத்தம் அவ்வளவு உயரம் ஏறுவதில்லை. முழங்காலில் உட்கார்ந்து இளைப்பாறுகிறது.

அது ஒரு பழைய கௌபாய் படம். குதிரை, தொப்பி, துப்பாக்கி, புழுதி. பெயரைக் கேட்காதீர்கள். நாங்கள் பார்த்த கேசட்டில் பெயர் வரும் இடம் தேய்ந்துபோய் வெறும் கோடாக ஓடியது. இப்போது பெயர் தெரியும், ஆனாலும் சொல்ல மாட்டேன். சொன்னால் நீங்கள் போய்ப் பார்த்துவிட்டு, ‘இதைக்கூடவாய்யா புரிஞ்சுக்க முடியல?’ என்பீர்கள். எங்களுக்கு அது ‘கிணத்துப் படம்’. அவ்வளவு போதும்.

அப்போது நான் தாராவியில் ஒரு ரெக்ஸின் பை பட்டறையில் வேலை பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் தையல் மெஷின்களை ஓரம் தள்ளிவிட்டு, வாடகைக்கு டிவியும் வீடியோ டெக்கும் எடுத்துவந்து படம் போடுவார்கள். இருபது பேர் உட்காரும் இடத்தில் ஐம்பது பேர். முன்னால் இருப்பவன் தலையில் என்ன எண்ணெய் தேய்த்திருக்கிறான் என்பது பின்னால் இருப்பவன் சட்டையைப் பார்த்தால் தெரியும். அந்த ஐம்பது பேரில் ஆங்கிலம் தெரிந்தவன் நான் ஒருவன்தான். அதாவது, முனிசிபல் தமிழ்ப் பள்ளியில் எட்டாவது வரை படித்து, ஆங்கிலத்தில் நூற்றுக்கு முப்பத்தாறு வாங்கியவன். மற்றவர்கள் அந்த முப்பத்தாறும் வாங்காதவர்கள் என்பதால் என்னை டிவிக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்காரவைத்துவிடுவார்கள். திரையில் பேசுவதை நான் தமிழில் சொல்ல வேண்டும். சொன்னேன்.

கதை இதுதான். ஒரு வறண்ட ஊர். ஊருக்கு ஒரே கிணறு. அந்த ஊரில் நெஞ்சில் நட்சத்திரம் குத்திய ஒரு மனிதர் இருக்கிறார். மழித்த முகம், தேய்த்த சட்டை. பெண்களைக் கண்டால் தொப்பியைத் தூக்குவார். குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுப்பார். குரல் உயர்த்திப் பேசவே மாட்டார். கிணற்றடியில் சண்டை வந்தால் நடுவில் போய் நிற்பார், சண்டை நின்றுவிடும். இந்த ஊருக்கு எங்கிருந்தோ ஒருவன் குதிரையில் வருகிறான். ஒரு வாரத் தாடி, கிழிந்த கோட்டு. வாயைத் திறந்தால் துப்புவான். கதவென்றால் காலால்தான் திறப்பான். கடைசியில் இந்த அழுக்குப் பயல் அந்த நல்ல மனிதரைக் கிணற்றடியில் வைத்துச் சுட்டுவிட்டு, சொட்டுக் கண்ணீர் இல்லாமல் குதிரை ஏறிப் போய்விடுகிறான். ஊர் சும்மா பார்த்துக்கொண்டு நிற்கிறது.

நல்லவன் செத்து, கெட்டவன் தப்பித்துப் போகிற படம். எங்களுக்கு அதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. தாராவியிலிருந்து பார்த்தால் உலகம் அப்படித்தான் தெரியும். வெள்ளைக்காரனும் பரவாயில்லை, உள்ளதை உள்ளபடி எடுத்திருக்கிறான் என்று பேசிக்கொண்டோம்.

அவர் நல்லவர் என்பதற்கு என்ன ஆதாரம் என்று கேட்கிறீர்களா? படத்திலேயே சொல்கிறார்களே. ஊரில் எல்லோரும் அவரை ‘ஷரீஃப், ஷரீஃப்’ என்றுதான் கூப்பிடுகிறார்கள். ஷரீஃப் என்றால் யோக்கியன், கண்ணியமான ஆள். பம்பாயில் பால்குடிக்கிற பிள்ளைக்கும் தெரிந்த இந்திச் சொல். “வெள்ளைக்காரனே இந்தியில கூப்பிடுறான்னா பாத்துக்கிடுங்க, எவ்வளவு நல்லவனா இருக்கணும்!” என்று ஸ்டூலிலிருந்து நான் விளக்கம் சொன்னேன். ஐம்பது தலையும் ஆடியது. பட்டறை முதலாளி மேலப்பாளையத்துக்காரர், உருது எழுதப் படிக்கத் தெரிந்தவர். அவரே, “நம்ம சொல்லு அமெரிக்கா வரைக்கும் போயிருக்கு பாத்தியாலே” என்று பெருமைப்பட்டார்.

ஷெரிஃப் என்று ஆங்கிலத்தில் ஓர் உத்தியோகம் உண்டு, அது நம் ஊர் இன்ஸ்பெக்டர் மாதிரி, அதில் யோக்கியனும் இருப்பான், அயோக்கியனும் இருப்பான் என்பதெல்லாம் முப்பத்தாறு மார்க்குக்குள் வராத பாடம்.

படம் முடிந்து விளக்கைப் போட்டபோது ஒருவர் மட்டும் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். என்னைவிட ஆறு வயது மூத்தவர். மாட்டுங்கா லேபர் கேம்பில் வீடு, ஒரு ஒர்க்‌ஷாப்பில் லேத் மெஷின் வேலை. அவர்கள் சந்துப் பொதுக்குழாயில் வரிசை கலையாமல் நின்று பார்த்துக்கொள்கிறவர். அவர் இருந்தால் குடத்துக்குக் குடம் மோதாது என்பார்கள். அவரைப் பார்த்து, “அண்ணாச்சி, நம்ம ஷரீஃப் நீங்கதான்” என்றேன். எல்லோரும் கைதட்டினார்கள். பெயர் ஒட்டிக்கொண்டது.

நான் அப்படிச் சொன்னதற்குக் கலை ரசனை மட்டும் காரணமில்லை. அவருக்கு ஒரு தங்கை இருந்தாள்.

அடுத்த வருடமே அவர் எனக்கு மச்சான் ஆனார். ஆக, என் கல்யாணமே ஒரு மொழிபெயர்ப்புப் பிழை மேல் கட்டியது. கட்டடம் என்னவோ இன்றுவரை நிற்கிறது. அங்கங்கே ஒழுகும்.

பட்டப்பெயர் வைப்பது எளிது. வாங்கிக்கொண்டவர் அதைச் சுமந்து திரிவதைப் பார்ப்பதுதான் கஷ்டம். மச்சான் அந்தப் பெயரை விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. சட்டையைத் தேய்த்துப் போட ஆரம்பித்தார். குரலைத் தணித்துக்கொண்டார். பம்பாய்க் கலவரத்தில் ஊர் பற்றி எரிந்த நாட்களில், சந்து முனையில் ஓர் இரும்பு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிட்டார். அந்தப் பக்கத்து ஆளும் உள்ளே போகக்கூடாது, இந்தப் பக்கத்து ஆளும் வெளியே போகக்கூடாது. நான் போய்க் கையைப் பிடித்து இழுத்தேன், வரவில்லை. “ஷரீஃப்னு பேரை வாங்கிட்டு வீட்டுக்குள்ள எப்படி மாப்ளே உக்காந்திருக்கது?” என்றார்.

பிறகு ‘பாய்’ சேர்ந்து ஷரீஃப் பாய் ஆனார். புதிதாகக் குடிவந்தவர்கள் அவரை முஸ்லிம் என்று நினைத்து ஈத் முபாரக் சொல்வார்கள். அவர் நெற்றியில் திருநீறோடு வாங்கிக்கொண்டு, பதிலுக்கு முபாரக் சொல்லி அனுப்புவார். இப்போது மச்சான் இருக்கும் சந்து முழுவதையும் இடித்துக் கட்டடம் கட்டப்போவதாகச் சர்வே நடக்கிறது. ஆளுக்கொரு பேப்பர் கேட்கிறார்கள். ரேஷன் கார்டு, பழைய மின்சார பில், வீட்டு ரசீது. ஒழுகுகிற வீட்டில் வைத்தால் நனைந்துவிடும் என்று முப்பது குடும்பங்கள் தங்கள் பேப்பரை மச்சான் வீட்டு பீரோவில் கொண்டுவந்து வைத்திருக்கின்றன. சாவி அவர் அரைஞாணில். வேறு யார் வீட்டில் வைப்பார்கள்? அவர்தானே ஷரீஃப்.

நான் பட்டறையை விட்டு, கிளியரிங் ஏஜெண்டிடம் குமாஸ்தாவாகி, செம்பூரில் ஒற்றைப் படுக்கையறை வீடு வாங்கி, ஒருவழியாக ரிட்டயரும் ஆனேன். போன மழைக்காலத்தில் ஒரு மத்தியானம், காலை நீட்டிக்கொண்டு டிவியில் இதையும் அதையும் தள்ளிக்கொண்டே போனபோது, சட்டென்று அந்தக் கிணறு வந்தது. கீழே தமிழ் எழுத்து ஓடியது. நிமிர்ந்து உட்கார்ந்தேன். பத்து நிமிடத்தில் வியர்த்துவிட்டது.

அந்த நல்ல மனிதர் பேசுகிற ஒவ்வொரு மெல்லிய பேச்சும் மிரட்டல். கிணற்றைக் கையில் வைத்துக்கொண்டு, ஊரார் வீடு நிலத்துப் பத்திரங்களை ஒவ்வொன்றாக வாங்கித் தன் மேஜை டிராயரில் பூட்டுகிறான். கொடுக்காதவன் காணாமல் போகிறான். காணாமல் போன ஒருவனுடைய தம்பிதான் அந்த அழுக்குப் பயல்.

அன்று அந்தப் படத்தை இரண்டு தடவை பார்த்தேன். மறுநாள் மூன்றாவது தடவை. சொன்னால் நம்ப மாட்டீர்கள், படம் எனக்கு முன்னைவிட அதிகமாகப் பிடித்துப்போனது. அயோக்கியனுக்குப் பெரிய மீசையும் உருட்டு விழியும் கொடுக்க எத்தனையோ பேரால் முடியும். இந்த டைரக்டர் அவனுக்கு ஒரு தேய்த்த சட்டையைக் கொடுத்தான். மிட்டாயை நீட்டும்போது அவன் விரல் குழந்தையின் கையில் படவே படாது. மிட்டாய் விழும், அவ்வளவுதான். சட்டைக் கையால் நட்சத்திரத்தைத் துடைத்துவிட்டு, அதே கையால் யார் தோளையாவது தட்டுவான். தட்டப்பட்டவன் அடுத்த காட்சியில் இருக்க மாட்டான். இதெல்லாம் அந்தக் காலத்திலும் என் கண்ணுக்கு முன்னால்தான் நடந்தது. நான் ஸ்டூலில் உட்கார்ந்து விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தேன். விளக்கம் சொல்கிறவன் எங்கே பார்க்கிறான்? டைரக்டர் எங்களை ஒரு நிமிடம் ஏமாற்ற நினைத்திருக்கிறான். நாங்கள் மிச்ச ஆயுளுக்கும் ஏமாந்துவிட்டோம்.

மச்சானிடம் சொல்லவில்லை. என்னவென்று சொல்வது? ‘நீங்கள் யாரைப் பார்த்து யோக்கியனாக இருந்தீர்களோ, அவன் யோக்கியன் இல்லை’ என்றா? பேசாமல் இருந்தேன். ஒரு வருடம் இருந்தேன். எனக்குப் பேசாமல் இருப்பது எவ்வளவு சிரமம் என்பது என்னைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும்.

இந்த மழைக்கு மச்சானுக்கு ஹெர்னியா ஆபரேஷன் ஆயிற்று. வயிற்றில் பெல்ட் கட்டிக்கொண்டு வீட்டில் கிடந்தார். அவர் மகள், எனக்கு மருமகள் முறை, பேங்கில் வேலை பார்க்கிறவள், போனில் கூப்பிட்டாள்.

“மாமா, அந்தக் கிணத்துப் படம் கிடைச்சிருச்சு! ஷரீஃப்னு போட்டுத் தேடினா வரவே இல்ல. கிணறு, தொப்பின்னு போட்டேன், வந்திருச்சு. தமிழ் சப்டைட்டிலும் இருக்கு. அப்பாகிட்ட சொன்னதும் எழுந்து உட்கார்ந்துட்டாங்க. சண்டே நீங்களும் அத்தையும் வாங்க, சேர்ந்து பாக்கலாம்.”

“பழைய படம்மா. பிரிண்ட் நல்லா இருக்காது. அப்பா ஆசுவாசமாப் படுத்திருக்கட்டும்” என்றேன்.

“HD மாமா. செம்ம கிளியர்.”

கிளியராக இருப்பதுதானே என் பிரச்சினை.

ஞாயிற்றுக்கிழமை ஹார்பர் லைனில் மெகா பிளாக், தண்டவாள வேலைக்காக ரயில் கிடையாது. அதைச் சொல்லித் தப்பித்துவிடலாம் என்று பார்த்தேன். மனைவி குடையை எடுத்துக்கொண்டு, “பஸ்ஸு ஓடுதுல்லா?” என்றாள். சயன் ஸ்டாப்பில் இறங்கிச் சேற்றில் நடந்துபோகும்போது அவளிடம் விஷயத்தை அவிழ்த்தேன். நின்று கேட்டாள். மழைத்தண்ணீர் அவள் செருப்பைத் தாண்டி ஓடியது.

“எங்கண்ணன் உங்க இங்கிலீஷை நம்பித்தான் என்னையக் குடுத்தான்” என்றாள்.

“அது எனக்கும் தெரியும்.”

“இப்ப என்ன செய்யப் போறீங்க?”

“ஏதாவது செய்றேன்.”

“நீங்க ஏதாவது செஞ்சுதான இவ்வளவும்” என்று சொல்லிவிட்டு முன்னால் நடந்தாள்.

மச்சான் மாடியறையில் தலையணைக்குச் சாய்ந்து காத்திருந்தார். மழித்த முகம், தேய்த்த சட்டை. ஆபரேஷன் ஆன மனிதர் வீட்டில் சினிமா பார்க்க யாராவது சட்டையைத் தேய்த்துப் போடுவார்களா? அவருக்குப் பின்னால் சுவரோடு அந்த பீரோ.

“வந்தியளா மாப்ளே! உக்காருங்க, உக்காருங்க. எத்தன வருசம் கழிச்சு! இந்தப் பிள்ளைக்குத் தமிழு வாசிக்க வராது. எனக்கு வெரசா ஓடுற எழுத்து கண்ணுக்கு எட்டல்ல. ஏட்டி, நீ வாசிக்கியா?”

மனைவி, “நான் கண்ணாடி எடுத்துட்டு வரல்லண்ணே. அவரு நல்லா வாசிப்பாரு. பழக்கம் உண்டுல்லா” என்றாள். கண்ணாடி அவள் கைப்பையில் இருந்தது. எனக்குத் தெரியும், எனக்குத் தெரியும் என்பது அவளுக்கும் தெரியும்.

ஆக, நாற்பது வருடம் கழித்து மறுபடியும் என்னை டிவிக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்காரவைத்தார்கள். மருமகள் கீழே பஜ்ஜி போடப் போய்விட்டாள். கூரைத் தகரத்தில் மழை அடித்த அடியில் ஆங்கிலம் சரியாகக் காதில் விழவில்லை. அதுவரை கடவுள் என் பக்கம்தான் இருந்தார்.

முதல் காட்சி. தண்ணீர் கேட்டு வந்த ஒரு வழிப்போக்கனிடம் ஷெரிஃப் தொப்பியைத் தூக்கிவிட்டு ஏதோ சொல்கிறான். ‘என் அனுமதி இல்லாமல் இந்த ஊரில் ஈகூடத் தண்ணீர் குடிக்காது’ என்று கீழே ஓடியது.

“வாங்க, தண்ணி குடிக்கிறீங்களா?” என்று வாசித்தேன்.

“பாத்தியளா, வந்தவனுக்கு மொதல்ல தண்ணி! மனுசன்னா அவம்லா மனுசன்” என்றார் மச்சான்.

அடுத்து, கையாளைக் கூப்பிட்டு மெதுவாகப் பேசுகிறான். ‘கிழவன் கையெழுத்துப் போடவில்லையென்றால் அவன் கொட்டகையைக் கொளுத்திவிடு.’

“கெழவருக்கு ஒடம்பு சரியில்லையாம். கொட்டகையில ஒரு வெளக்கு ஏத்தி வை.”

இரண்டே நிமிடத்தில் கொட்டகை திகுதிகுவென்று எரிந்தது. மச்சான் திடுக்கிட்டு என்னைப் பார்த்தார்.

“என்ன மாப்ளே, வெளக்குதான ஏத்தச் சொன்னாரு?”

“காத்து மச்சான். வெளக்கு சாஞ்சிருச்சு.”

“ச்சே. நல்லது செய்யப்போனாலே இப்படித்தான் ஆகுது.”

மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். இருமல் என்று நினைத்து மச்சான் அவளுக்குத் தண்ணீர் எடுத்துக் கொடுக்கச் சொன்னார். நான் தொடர்ந்து வாசித்தேன், வாசித்தேன் என்றா சொல்வது, புளுகினேன். மிரட்டல் ஆறுதலாயிற்று, வசவு வாழ்த்தாயிற்று. அரை மணி நேரத்தில் களைத்துவிட்டேன். உண்மையை மொழிபெயர்க்கிறவனுக்கு ஒரு வேலை, எனக்கு இரண்டு. முதலில் புரிந்துகொள்ள வேண்டும், பிறகு புரியாதது மாதிரி சொல்ல வேண்டும்.

கிணற்றடிக் காட்சி வந்தது. எங்கள் எல்லோருக்கும் பிடித்த காட்சி அதுதான். ஒரு கிழவி வாளியோடு வருகிறாள். இறைக்க முடியவில்லை. ஷெரிஃப் தன் கோட்டைக் கழற்றிக் கைப்பிடிச் சுவரில் மடித்து வைத்துவிட்டு, தானே கயிற்றை இழுத்து இறைத்து, சிந்தாமல் அவள் வாளியில் ஊற்றுகிறான். ஊற்றிக்கொண்டே குனிந்து அவள் காதோடு ஏதோ சொல்கிறான். அன்று பட்டறையில் இந்த இடத்தில் விசில் பறந்தது. மச்சான் இப்போது கையிரண்டையும் மடியில் வைத்துக்கொண்டு, கோவிலில் தீபாராதனைக்கு நிற்கிறவர் மாதிரி இருந்தார். சரியாக அந்த நேரம் பார்த்து மருமகள் பஜ்ஜித் தட்டோடு மேலே வந்து டிவிக்கு முன்னால் தரையில் உட்கார்ந்தாள். மழையும் கொஞ்சம் விட்டிருந்தது, ஆங்கிலம் தெளிவாகக் கேட்டது.

“பாத்துப் போங்கம்மா, கால் வழுக்கும்” என்று வாசித்தேன்.

“மாமா!” அவள் திரும்பினாள். “என்ன படிக்கிறீங்க? அவன் அப்படிச் சொல்லவே இல்லையே?”

“அங்கே எழுதியிருக்கிறதைத்தானம்மா…”

“சீட்டிங் பண்ணாதீங்க மாமா. நாளைக்குக் காலைல வீட்டுப் பேப்பர் என் டேபிள்ல இருக்கணும், இல்லன்னா உன் பையனை இந்தக் கிணத்துலதான் தேடணும்னு சொல்றான்.” சொல்லிவிட்டுச் சிரித்தாள். “அப்பா, இவன்தான் வில்லன். உங்களுக்குத் தெரியாதா?”

சிரித்தவள் அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்தாள். பஜ்ஜித் தட்டைக் கீழே வைத்தாள்.

“நிறுத்து” என்றார் மச்சான். திரையில் கிழவியும் வாளியும் அப்படியே நின்றன.

“எப்பத்துலருந்து தெரியும் மாப்ளே?”

“போன மழைக்கு.”

“ஷரீஃப்னு கூப்பிடுதாங்களே, அது?”

“அது பேரில்ல, உத்தியோகம் மச்சான். இன்ஸ்பெக்டர் மாதிரி. நான்தான் யோக்கியன்னு சொல்லிட்டேன். எனக்கு அவ்வளவுதான் தெரியும் அப்ப.”

“அப்ப இத்தன வருசமா என்னையச் சந்துல எல்லாவனும் இன்ஸ்பெக்டர்னா கூப்பிட்டானுக?”

“இல்ல மச்சான். உங்களக் கூப்பிட்டது இந்தி. அவனைக் கூப்பிட்டதுதான் இங்கிலீஷ்.”

அவர் சிரிக்கவில்லை. நான் சொன்ன ஒரு வார்த்தைக்கு இந்த மனிதர் சிரிக்காமல் இருந்து நான் பார்த்ததில்லை. வயிற்றுப் பெல்ட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, நின்றுபோன படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் என்னை எழுந்து போகச் சொல்வார் என்று நினைத்தேன். அவருக்குப் பின்னால் அந்த பீரோ. முப்பது வீட்டுப் பேப்பர். அதை அவர் திரும்பிப் பார்த்துவிடக்கூடாதே என்று வேண்டிக்கொண்டேன்.

“தண்ணி எறச்சு ஊத்துனானா இல்லியா?” என்று கேட்டார்.

“ஊத்துனான் மச்சான்.”

“சிந்தாம?”

“சிந்தாமத்தான்.”

“நான் அதத்தான் பாத்தேன். பேசுனது எனக்கு எங்க கேட்டுச்சு?” பிறகு மகளிடம், “போடு பிள்ளை. மாப்ளே, இனிமே உள்ளத உள்ளபடி வாசிங்க” என்றார்.

வாசித்தேன். ஒரு எழுத்து விடாமல் வாசித்தேன். பத்திரம் கொடுத்தவர்கள், கொடுக்காதவர்கள், காணாமல் போனவர்கள், எல்லாவற்றையும் வாசித்தேன். தமிழ் வாசிக்க இவ்வளவு மூச்சு வேண்டும் என்று எனக்கு அதுவரை தெரியாது. கடைசியில் அந்த அழுக்குப் பயல் ஷெரிஃபைச் சுட்டான். தொப்பி பறந்துபோய்க் கிணற்றில் விழுந்தது. அன்றைக்குக் கண்ணைத் துடைத்த மனிதர் இன்றைக்குக் கன்னத்தைச் சொறிந்துகொண்டார். அழுக்குப் பயல் குதிரையில் ஏறினான். புழுதியில் மறைந்தான். முடிந்தது.

“அந்தப் பயலு படம் பூரா ஒரு வாய்த் தண்ணி குடிக்கல்ல மாப்ளே” என்றார் மச்சான். “கவனிச்சியளா? கிணத்தடியிலயே நிக்கான். ஒருத்தனும் அவனுக்கு ஒரு வாய் ஊத்தல்ல. அப்படியே போறான் பாருங்க.”

நான் கவனித்ததில்லை. பட்டறையிலிருந்து செம்பூர்வரை இந்தப் படத்தை எத்தனை தடவை பார்த்தேன், எவ்வளவு விளக்கம் சொன்னேன்! எழுத்து வாசிக்க முடியாத ஒருவர், முதல் தடவை கதை சரியாகத் தெரிந்ததும், அதைப் பார்த்துவிட்டார். அவன் ஏன் அப்படித் துப்பிக்கொண்டே இருந்தான் என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது. வாயில் புழுதி.

மச்சான் சுவரைப் பிடித்து எழுந்தார். அரைஞாணில் இருந்து சாவியை எடுத்து பீரோவைத் திறந்தார். உள்ளே பிளாஸ்டிக் பைகளில் பெயர் எழுதிய கட்டுகள்.

“நாளைக்கு இதெல்லாம் அவங்கவங்க கையில குடுத்துரணும்” என்றார்.

“ஏம்ப்பா?” மருமகள் பதறினாள். “சர்வே முடியட்டும். அவங்க வீட்ல நனைஞ்சிடும்னுதான உங்ககிட்ட கொடுத்திருக்காங்க? நீங்க பத்திரமா வச்சிருக்கீங்க, அது போதாதா?”

“அவனும் பத்திரமாத்தான் வச்சிருந்தான்.”

அவர் ஒரு பையை எடுத்து, பிசுபிசுக்கிறதா என்று தடவிப் பார்த்துவிட்டுத் திரும்ப வைத்தார்.

“நல்ல கனமான கவர் முப்பது வாங்கியா. நனையாம சுத்தி நானே வீடு வீடாக் கொண்டுபோய்க் குடுக்கேன். ராத்திரி தூக்கமே வரல்ல பிள்ளை. இது எங்கிட்ட வந்ததுலருந்தே வரல்ல. எலி கடிச்சிருமோ, கரண்டு தீப்பிடிச்சிருமோன்னு. நல்ல பேரு எடுத்தவனுக்குத் தூக்கம் கிடையாது போல.” பீரோவை மூடிவிட்டு என்னிடம் திரும்பினார். “ஏன் மாப்ளே, அந்த ஷெரிஃப் உத்தியோகத்துக்குப் பென்சன் உண்டுமா?”

“உண்டு மச்சான். வாங்குறதுக்குள்ள சுட்டுட்டாங்க.”

இப்போது சிரித்தார். பாதியிலேயே தையல் இழுத்ததால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நிறுத்தினார். என் மனைவி கைப்பையிலிருந்து கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு, ஆறிப்போன பஜ்ஜியில் நல்லதாக ஒன்று பொறுக்கி அண்ணனுக்குக் கொடுத்தாள். எனக்குக் கொடுக்கவில்லை.

அப்போதுதான் கீழே சத்தம் கேட்டது. எதிரெதிர் வீட்டுக்காரர்கள். மழைக்குக் கட்டும் தாட்பத்ரி என்கிற தார்ப்பாயை ஒருவர் இழுத்துக் கட்டியதில், தண்ணீர் முழுக்க மற்றவர் வாசலில் கொட்டுகிறதாம். ஒருவர் மராத்தியில் கத்தினார், ஒருவர் திருநெல்வேலியில் கத்தினார். வசவு இரண்டு மொழியிலும் ஏறக்குறைய ஒன்றுதான். நடுவே ஒரு பெண் குரல் மேலே பார்த்துக் கூப்பிட்டது.

“ஷரீஃப் பாய்! ஓ ஷரீஃப் பாய்! சீக்கிரம் வாங்க, அடிச்சிக்கிடப் போறாங்க!”

மச்சான் அசையவில்லை. வாயில் பஜ்ஜி. நாங்கள் மூன்று பேரும் அவரையே பார்த்தோம். இரண்டாம் தடவையும் கூப்பிட்டார்கள். அவர் மென்று விழுங்கிவிட்டு, சட்டையின் மேல் பட்டனைப் போட்டுக்கொண்டார்.

“களவாணிப் பயலைக் கூப்புடுதாங்க. போய்ட்டு வந்துருதேன்” என்று சொல்லிவிட்டு, இரும்பு ஏணியில் ஒவ்வொரு படியாக, பெல்ட்டைப் பிடித்துக்கொண்டு இறங்க ஆரம்பித்தார்.

“நின்னு என்ன பாக்கிறீங்க? குடையை எடுத்துட்டுப் போங்க” என்றாள் மனைவி.

போனேன். படத்தில் அவன் நடுவில் வந்து நின்றால் சண்டை அந்த நொடியே நின்றுவிடும். இங்கே முக்கால் மணி நேரம் ஆயிற்று. தாட்பத்ரியின் முடிச்சை அவிழ்த்து, மச்சான் சொல்லச் சொல்ல நான்தான் ஸ்டூலில் ஏறி வேறு பக்கம் கட்டினேன். குடையை அவருக்குப் பிடித்தது யார் என்று நினைவில்லை. வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது எனக்கு நூறு டிகிரி ஜுரம்.